பழைய பொம்மை வீட்டை வாங்கிப் புதிதாக்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: பொம்மை வீடுகள் சேகரிக்க ஆசை. பழையதும் பிடிக்கிறது, இந்தக் காலத்து மினியேச்சர் வீடுகளும் பிடிக்கின்றன. இப்போது ஒரு பழைய மர வீடு விலைக்கு வருகிறது. முன் கதவைக் காணோம், உள்ளே சுவர்த்தாள் கிழிந்திருக்கிறது, வெளியே யாரோ வெள்ளை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அதை வாங்கிப் புதிதாக்கி வைக்கலாமா, அல்லது துண்டுகளாக வாங்கி நாமே பொருத்தும் புதிய கிட் ஒன்றிலிருந்து தொடங்குவதா?

வாங்குங்கள். ஆனால் புதிதாக்க வேண்டாம். முதல் ஒரு வருஷத்துக்கு அந்த வீட்டின் மேல் பெயிண்ட், பசை, ஈரத்துணி எதுவும் படவே கூடாது. பழைய பொம்மை வீட்டை வைத்திருந்த ஒவ்வொருவரும் அதில் ஏதோ ஒன்றைச் செய்துவிட்டுப் போயிருப்பார்கள். அதை நிதானமாகப் படித்து முடிப்பதற்குள் நாம் கை வைத்தால், அப்புறம் படிக்க ஒன்றும் மிஞ்சாது.

இதை நான் ஒரு வீட்டைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். முதலில் வாங்கிய பழைய வீடு, இரண்டு மாடி, நான்கு அறை. உள்ளே சுவர்த்தாள் பழுப்பேறிக் கிடந்தது. அழுக்குதானே என்று ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தேன். மூன்றாவது தடவை துடைக்கும்போது துணி பச்சையாக இருந்தது. தாளில் அச்சாகியிருந்த இலைகள் துணிக்கு வந்துவிட்டன. பழைய சுவர்த்தாளின் நிறத்தைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் தண்ணீரில் கரையும் பசை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அந்தச் சுவரில் இப்போதும் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய திட்டு இருக்கிறது. அதை மறைக்கவில்லை, மறைக்கவும் மாட்டேன்.

படிப்பது என்கிறேனே, அது என்ன என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். என்னிடம் இருக்கும் இன்னொரு வீட்டில் மாடி அறைக் கட்டிலுக்கு ஒரு மெத்தை உண்டு. நீளம் 13 சென்டிமீட்டர். கோடு போட்ட சட்டைத் துணி, உள்ளே மரத்தூள். ஓரம் கையால் தைத்தது. தலைமாட்டுப் பக்கம் தையல் தாறுமாறாக, ஒவ்வொன்றும் அரை சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறது. பக்கவாட்டில் கொஞ்சம் சீராகிறது. கால்மாட்டுக்கு வரும்போது நெருக்கமாக, ஒரே அளவாக, அழகாக முடிகிறது. அந்த ஒரு மெத்தையைத் தைத்து முடிப்பதற்குள் ஒரு குழந்தை தையல் கற்றுக்கொண்டிருக்கிறது. மூலையில் ஒரு ஓட்டை வழியாக மரத்தூள் கொட்டுகிறது. அதை நான் தைக்கவில்லை, மெல்லிய தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். புதிய மெத்தை ஒன்று தைத்துப் போட்டிருந்தால் கட்டில் பார்க்க நன்றாக இருந்திருக்கும். அந்தக் குழந்தை போயிருக்கும்.

சரி, பொம்மை வீடு குழந்தைகளின் விளையாட்டுச் சாமானாகத்தான் பிறந்ததா என்றால், இல்லை. எழுத்தில் பதிவான மிகப் பழைய வீடு பவேரியப் பிரபு ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1557-58இல் செய்வித்தது. மகளுக்காகச் செய்தார் என்று சொல்வார்கள். ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் பிரபுவின் அரும்பொருள் கூடம். 1674இல் தீயில் அழிந்துபோன அந்த வீட்டைப் பற்றி நமக்கு இவ்வளவாவது தெரிகிறது என்றால், அதற்குக் காரணம் 1598இல் யாரோ உட்கார்ந்து அந்தக் கூடத்தின் பொருள்களைப் பட்டியல் எழுதியதுதான். பட்டியல் எழுதுங்கள் என்று நான் பின்னால் வற்புறுத்தப் போகிறேன், அதற்காக இதை நினைவில் வையுங்கள்.

அடுத்த நூற்றாண்டில் ஜெர்மனியின் நூரம்பர்க் இதற்குப் பெயர்போன ஊர். 1639ஆம் ஆண்டின் ஸ்ட்ரோமர் வீடு அங்கே ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. 1631இல் அதே ஊரில் அன்னா கோஃபர்லின் என்ற பெண்மணி, தான் உருவாக்கிய பெரிய பொம்மை வீட்டைக் காட்சிக்கு வைத்து, குடும்பம் நடத்துவது எப்படி என்று பிள்ளைகள் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று அச்சடித்த அறிவிப்பும் வெளியிட்டார். விளையாட்டைவிடப் பாடம்தான் அங்கே முக்கியம். ஹாலந்தில் இது வேறு வழியில் போனது. பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற பணக்கார வீட்டுப் பெண் ஏறத்தாழ 1686 முதல் 1710 வரை சேர்த்துச் சேர்த்து உருவாக்கிய வீடு ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் நிற்கிறது. ஆமை ஓடும் வெள்ளீயக் கலவையும் இழைத்த அலமாரி. அதன் உள்ளேதான் அறைகள். தட்டுக்கள் சீனாவிலிருந்து, கூடைகள் கூடை முடைபவரிடமிருந்து, மேசை நாற்காலிகள் அந்தந்தத் தொழில் தெரிந்தவரிடமிருந்து. அவர் இதற்குச் செலவழித்த பணத்தில் கால்வாய்க் கரையில் ஒரு நிஜ வீடே வாங்கியிருக்கலாம் என்பார்கள். ஆக, வளர்ந்தவர்கள் பொம்மை வீடு சேகரிப்பது புதிதாக வந்த வழக்கமே இல்லை. வளர்ந்தவர்களிடமிருந்துதான் அது குழந்தைகளுக்குப் போனது.

இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் இதற்கு 'பேபி ஹவுஸ்' என்று பெயர். குழந்தைக்கான வீடு என்று பொருள் இல்லை, அந்தக் காலத்தில் 'பேபி' என்றால் பொம்மை என்றும் பொருள். அப்பார்க் மாளிகையில் உள்ள வீடு 1735-40 வாக்கில் செய்தது. இவையெல்லாம் நம் கைக்கு வரப் போவதில்லை, பார்த்து மகிழலாம். நம் கைக்கு வருபவை 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து தொழிற்சாலைகள் செய்தவையும், வீட்டில் அப்பாவோ மாமாவோ தச்சரோ செய்து கொடுத்தவையும்தான். இந்த இரண்டாவது வகையைப் பலர் மதிப்பதில்லை. பிராண்ட் பெயர் இல்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அவைதான் நெருக்கம்.

தொழிற்சாலை வீடுகளில் சில பெயர்களைத் தெரிந்துகொள்வது நல்லது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில், மரியன்பெர்க் என்ற ஊரில் இருந்த மோரிட்ஸ் காட்ஷால்க் நிறுவனம் முக்கியமானது. மரச்சட்டத்தின் மேல் அச்சிட்ட தாள் ஒட்டிய அந்த வீடுகளுக்கு 1910 வாக்கு வரை நீலக் கூரை, அதற்குப் பின் சிவப்புக் கூரை. அதனால் சேகரிப்பவர்கள் 'நீலக் கூரை', 'சிவப்புக் கூரை' என்றே பேசிக்கொள்வார்கள். அடிப்பலகையைத் திருப்பிப் பார்த்தால் பென்சிலால் ஒரு எண் எழுதியிருக்க வாய்ப்பு உண்டு, அது மாடல் எண். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் பிளிஸ் நிறுவனம் செய்தவையும் தாள் ஒட்டியவைதான். வண்ணம் கொஞ்சம் ஆர்ப்பாட்டமாக இருக்கும், பல வீடுகளில் கதவுப் பக்கம் 'ஆர். பிளிஸ்' என்று அச்சாகியிருக்கும். இங்கிலாந்தில் லைன்ஸ் சகோதரர்கள் 1919இல் தொடங்கிய நிறுவனத்தின் முத்திரை ட்ரை-ஆங். மூன்று சகோதரர், மூன்று கோடு, ஒரு முக்கோணம். 1930களில் அவர்கள் செய்த, மரச்சட்டம் வெளியே தெரிகிற டியூடர் பாணி முகப்பும் தகர ஜன்னலும் கொண்ட வீடுகளை ஒரு முறை பார்த்தால் மறக்காது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் மார்க்ஸ் நிறுவனம் தகரத்தில் அச்சடித்த வீடுகளைக் கொண்டுவந்தது. கம்பளமும் திரைச்சீலையும் சுவரோடு அச்சாகியே வரும். ஸ்வீடனின் லுண்ட்பி 1947இல் தொடங்கியது. மின்விளக்கு எரியும் வீடு என்றால் பலருக்கு அந்தப் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும்.

பெயர் எதுவும் இல்லாவிட்டால் வீட்டைத்தான் கேட்க வேண்டும். திருகாணியைப் பாருங்கள். தலையில் கூட்டல் குறி போலப் பள்ளம் இருந்தால் அது பிலிப்ஸ் திருகாணி. 1930களின் நடுவில்தான் அது புழக்கத்துக்கு வந்தது. பின்பலகை ஒரு பக்கம் வழவழப்பாக, மறு பக்கம் வலை பதித்த மாதிரி இருந்தால் அது ஹார்டுபோர்டு, 1920களுக்கு முன் இருக்க முடியாது. மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை என்றால் 1960களின் நடுவுக்குப் பின். இருட்டு அறையில் புறஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். 1950 வாக்கிலிருந்து தாளிலும் துணியிலும் நூலிலும் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள். அவை நீல வெளிச்சமாகப் பளீரென்று மின்னும். ரொம்பப் பழைய வீடு என்று சொல்லப்பட்ட ஒன்றில் திரைச்சீலை அப்படி மின்னினால், திரைச்சீலை பின்னால் வந்தது என்று பொருள். வீடே பொய் என்று பொருள் இல்லை. இந்த வித்தியாசத்தை மறந்துவிடாதீர்கள். ஒரு புதுத் திருகாணி ஒரு பழுதுபார்ப்பை மட்டுமே காட்டலாம். இரண்டு மூன்று அடையாளங்கள் சேர்ந்து ஒரே காலத்தைச் சொன்னால்தான் நம்பலாம்.

தேய்மானம் இன்னும் நேர்மையான சாட்சி. குழந்தை விளையாடிய வீட்டில் கொக்கியைச் சுற்றி பெயிண்ட் தேய்ந்திருக்கும், முகப்பைத் திறக்கும் விரல் படும் ஓரத்தில் மரம் மழுங்கியிருக்கும், அறைகளின் முன்பக்கத் தரை அழுக்காகவும் பின்மூலை புதுசு போலவும் இருக்கும். கூரை உச்சியில் கை எட்டாத இடத்திலும், கொக்கி ஓரத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால், யாரோ உப்புத்தாள் போட்டுப் பழசாக்கியிருக்கிறார்கள்.

சுவர்த்தாளைப் படிப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஜன்னல் சட்டம் ஆடிக்கொண்டிருந்தால், அல்லது தரையோரப் பட்டி தானாகவே கழன்றிருந்தால், அந்த இடுக்கில் சின்ன டார்ச் அடித்துப் பாருங்கள். அடுக்கடுக்காகத் தாள் தெரியும். மேலே இருப்பதைப் பிய்த்து அடியில் இருப்பதைப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். மேலே இருப்பதும் ஒரு தலைமுறைதான். நான் ஒரு சமையலறையில் நான்கு அடுக்கு எண்ணினேன். நான்காவது, அடியில் இருந்தது, பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னப் பூ. அதில் சுண்டுவிரல் நகம் அளவுதான் பார்த்திருக்கிறேன், அது போதும்.

உங்கள் வெள்ளை பெயிண்ட் விஷயமும் இதேதான். முன்னால் இருந்தது பிடிக்காமல் யாரோ ஒருவர் அடித்திருக்கிறார். அடியில் அச்சுத்தாள் ஒட்டிய முகப்பு இருந்தால், பெயிண்டை எடுக்க முயன்றால் தாளும் கூடவே வரும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கவும் வாய்ப்பு அதிகம். உப்புத்தாள் போட்டால் அந்தத் தூசி உங்கள் மூச்சில் போகும். அப்படியே விடுங்கள்.

அளவு பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது, ஏனென்றால் புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் பணம் வீணாக்குவது இங்கேதான். இன்றைக்குப் பெரும்பாலான மினியேச்சர் சாமான்கள் 1:12 அளவில் வருகின்றன. நிஜத்தில் ஓர் அடி, இங்கே ஓர் அங்குலம். அடுத்து 1:16, லுண்ட்பி பயன்படுத்தும் 1:18, பாதி அளவான 1:24, அதற்குக் கீழே 1:48, கடைசியாக 1:144. இந்த 1:144 அளவில் ஒரு பொம்மை வீட்டுக்குள் வைக்கப் பொம்மை வீடு செய்வார்கள். விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பாதீர்கள், ஸ்கேலை எடுங்கள். நிஜ மேசை 76 சென்டிமீட்டர் உயரம். அதனால் 1:12 மேசை 6.3 சென்டிமீட்டர், 1:16 என்றால் 4.8, 1:18 என்றால் 4.2, 1:24 என்றால் 3.2. கதவையும் அளந்து பாருங்கள்: இரண்டு மீட்டர் கதவு 1:12இல் 16.7 சென்டிமீட்டர், 1:16இல் 12.5. இந்த இரண்டும் மனதில் இருந்தால் எந்த வீட்டின் முன்னால் நின்றாலும் ஒரு நிமிஷத்தில் அளவு சொல்லிவிடலாம்.

இடம் குறைவு என்றால் 1:24 நல்லது. நீளம் பாதி, அகலம் பாதி, உயரம் பாதி. ஆக மொத்தம் எட்டில் ஒரு பங்கு இடம்தான் பிடிக்கும். ஆனால் கை நடுக்கம் இருப்பவர்களுக்கும் கண் பார்வை தளர்ந்தவர்களுக்கும் 1:12 தான் சுகம்.

இன்னொன்று, அளவுக் கண்டிப்பு புதிய வீட்டுக்கு மட்டும்தான். 19ஆம் நூற்றாண்டுக் குழந்தைகளின் வீட்டில் நாற்காலியைவிட உயரமான கூஜா இருக்கும், கட்டிலுக்குள் அடங்காத பொம்மை இருக்கும். கிடைத்ததை வைத்து விளையாடியிருக்கிறார்கள். அளவு சேரவில்லை என்று அதைத் தனியாக எடுத்து விற்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. அந்த வீட்டோடு வந்த சொப்புச் சாமான் அந்த வீட்டோடுதான் இருக்க வேண்டும்.

அதனால்தான் பட்டியல். வீடு கைக்கு வந்த அன்றே, எதையும் நகர்த்துவதற்கு முன், ஒவ்வோர் அறையையும் படம் எடுங்கள். பிறகு அறை வாரியாக ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண், ஒரு வரி: எங்கே இருந்தது, அளவு, என்ன பழுது. எண்ணைப் பொருளின் மேல் எழுதாமல், நூலில் கட்டிய சின்னச் சீட்டில் எழுதுங்கள். விற்பவரிடம் பேசுங்கள், அவர் சொல்வதை அன்றைக்கே எழுதி வையுங்கள். யார் வீட்டில் இருந்தது, யார் விளையாடியது, வெள்ளை பெயிண்ட் எப்போது அடித்தது. ஒரு மாதம் கழித்துக் கேட்டால் அவரிடம் இருக்காது, உங்களுக்கும் மறந்திருக்கும்.

பராமரிப்பில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. வெயில் நேராகப் படாத இடம், வெளிச்சுவரை ஒட்டாத இடம், ஈரப்பதம் சட்டென்று ஏறி இறங்காத இடம். தூசிக்கு மெல்லிய உலர்ந்த பிரஷ். தரையில் சின்னத் துளையும் அதன் அடியில் மாவு போல மரத்தூளும் புதிதாகத் தெரிந்தால் மரப்பூச்சி உயிரோடு இருக்கிறது. அந்த வீட்டை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துப் பிளாஸ்டிக் உறையில் மூடுங்கள். பழைய விளக்கு வயரை எந்தக் காரணத்துக்கும் மின்சாரத்தில் மாட்டாதீர்கள். விளக்கு வேண்டும் என்றால் வெளியிலிருந்து ஒரு சின்ன எல்இடி போதும், அது அதிகம் சூடாகாது. வீட்டைத் தூக்கும்போது உள்ளே இருப்பதை முழுவதும் எடுத்துவிட்டு, அடிப்பலகையைப் பிடித்துத் தூக்க வேண்டும். கூரையைப் பிடித்துத் தூக்கி உடைந்த வீடுகள் எத்தனையோ.

பொருள்களுக்குள் இருக்கும் பகையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலருக்கு இது தெரியவில்லை. ஈயத்தில் வார்த்த நாற்காலி, விளக்கு, பாத்திரங்களை ஓக் மர அலமாரியிலோ எம்டிஎஃப் பெட்டியிலோ மூடி வைத்தால், மரத்திலிருந்து வரும் அமில ஆவி அவற்றை அரிக்கும். வெள்ளைப் பொடி பூத்தால் அதுதான். ஈயம் விஷம், கையால் தடவாதீர்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிப் பிளாஸ்டிக் சாமானில் வினிகர் வாடை வந்தால் அது செல்லுலோஸ் அசிட்டேட், சிதையத் தொடங்கிவிட்டது; தனியாக, காற்றோட்டமாக வையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். மென்மையான பிவிசி பொம்மையைக் கடினமான பிளாஸ்டிக் நாற்காலியில் வருஷக்கணக்காக உட்கார வைத்தால், பிவிசியை மென்மையாக்கும் எண்ணெய் கசிந்து நாற்காலியை உருக்கிவிடும். ஒரு நாள் பொம்மையை எடுக்கப் போனால் நாற்காலியும் சேர்ந்து வரும். இடையில் அமிலமற்ற மெல்லிய தாள் ஒரு துண்டு வைத்தால் போதும்.

ஏதாவது உடைந்து ஒட்டியே தீர வேண்டும் என்றால், பின்னால் வருபவர் பிரித்தெடுக்கக் கூடிய பசையில் ஒட்டுங்கள். தாளுக்குக் கோதுமை ஸ்டார்ச் பசை அல்லது மெத்தில் செல்லுலோஸ். சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம்.

இனி புதிய வீடுகள். பழையதில் நான் சொன்ன கட்டுப்பாடு எல்லாம் இங்கே தேவையில்லை, இங்கே கை முழுச் சுதந்திரமாக விளையாடலாம். உங்களுக்குப் பெயிண்ட் அடிக்க, தாள் ஒட்ட, மாற்றிக் கட்ட ஆசை இருக்கிறது என்பது உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. அந்த ஆசைக்கு இடம் புதிய கிட். முழு வீட்டில் தொடங்காமல் ஒரே ஓர் அறையில், ரூம் பாக்ஸில் தொடங்குங்கள். நார்சிஸா தார்ன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1932க்கும் 1940க்கும் இடையில் 1:12 அளவில் உருவாக்கச் செய்த அறைகளில் 68 சிகாகோ கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஆட்கள் இல்லை. ஆனால் யாரோ இப்போதுதான் எழுந்து அடுத்த அறைக்குப் போன மாதிரி இருக்கும். அறைக்கு அப்பால் தெரியும் தோட்டத்திலிருந்தும் படிக்கட்டிலிருந்தும்தான் அங்கே வெளிச்சம் வரும். ஒரு கதவைப் பாதி திறந்து வைத்து, அதன் பின்னால் வெளிச்சம் கொடுத்துப் பாருங்கள், அறையின் ஆழம் இரண்டு மடங்காகும்.

இன்னொரு கோடியில் பிரான்சஸ் கிளெஸ்னர் லீ. குற்றம் நடந்த இடத்தைப் பார்த்துத் துப்புத் துலக்கப் பயிற்சி கொடுப்பதற்காக 1940களில் மரணக் காட்சிகளை 1:12 அளவில் செய்தவர். 18 காட்சிகள் இன்றும் பால்டிமோரில், மேரிலாந்து மாநிலத் தலைமை மருத்துவ ஆய்வாளர் அலுவலகத்தில் இருக்கின்றன. பொம்மை வீட்டுக் கலையில் மிகக் கூர்மையாகப் பார்க்கக் கற்றுத் தருவது அவர் வேலைதான் என்பது என் எண்ணம். ஒவ்வொரு சின்னப் பொருளும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்க வைக்கும்.

அரச மாளிகை பாணி பிடிக்கும் என்றால் இங்கிலாந்தின் விண்ட்ஸர் கோட்டையில் ராணி மேரியின் பொம்மை வீடு. கட்டிடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்து 1924இல் முடிந்தது. குழாயில் தண்ணீர் வரும், மின்தூக்கி ஓடும், நூலகத்தில் அந்தக் கால எழுத்தாளர்கள் தங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்த குட்டிப் புத்தகங்கள். வியப்புக்குக் குறைவில்லை. எனக்கு அதைவிட நியூயார்க் நகர அருங்காட்சியகத்தில் உள்ள கேரி ஸ்டெட்ஹைமர் வீடுதான் பிடிக்கும். 1916 முதல் 1935 வரை அவர் அதில் வேலை செய்தார். ஓவிய நண்பர்கள் தங்கள் படங்களைக் குட்டியாக வரைந்து கொடுத்தார்கள். மார்செல் டுஷாம்ப் தன் புகழ்பெற்ற 'படியிறங்கும் நிர்வாண உருவம்' ஓவியத்தையே சுருக்கி வரைந்து கொடுத்தார். ஒரு சிநேகித வட்டம் முழுவதும் அந்தச் சுவர்களில் இருக்கிறது.

அண்மைக் காலத்துக்கு வந்தால், 2001இல் கலைஞர் லாரி சிம்மன்ஸும் கட்டிடக் கலைஞர் பீட்டர் வீல்ரைட்டும் வடிவமைத்த கலைடோஸ்கோப் ஹவுஸ். ஒளி ஊடுருவும் வண்ணச் சுவர்களை நகர்த்தி நகர்த்தி அறையின் நிறத்தையே மாற்றலாம். இந்த மாதிரிப் பிளாஸ்டிக் வீடுகளை நம்மில் பலர் பழமை இல்லை என்று விட்டுவிடுகிறோம். அட்டையில் செய்து 1962இல் வந்த முதல் பார்பி வீட்டையும் அன்றைக்கு யாரும் பத்திரப்படுத்தியிருக்க மாட்டார்கள். புதியதில் எதைச் சேகரிப்பதானாலும் பெட்டி, விளக்கத் தாள், ஒட்டாத ஸ்டிக்கர் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். தனிக் கைவினைஞரிடம் வாங்கினால் பொருளின் அடியில் கையெழுத்தும் வருஷமும் போட்டுத் தரச் சொல்லுங்கள். அவர்களுக்கும் அது சந்தோஷம்தான்.

உங்களுக்கு வந்திருக்கும் வீட்டுக்குத் திரும்புகிறேன். கதவு இல்லை என்பதற்காகத் தயங்க வேண்டாம். முகப்பே முழுவதும் காணாமல் போன வீடாக இருந்தால் யோசிக்கச் சொல்வேன், பூச்சி உயிரோடு இருந்தால் வேண்டாம் என்பேன். ஒரு கதவு போனது பெரிய குறை இல்லை. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: வீட்டில் பழைய பித்தான் டப்பா, தையல் பெட்டி, திருகாணி போட்டு வைத்த டின் ஏதாவது இருக்கிறதா என்று. பொம்மை வீட்டிலிருந்து கழன்று விழுந்ததை யாரும் குப்பையில் போடுவதில்லை. அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம் என்று கைக்கு அருகில் இருக்கும் டப்பாவில் போட்டுவிடுவார்கள், அந்த அப்புறம் வருவதே இல்லை. என் மெத்தை வீட்டுக்கும் ஒரு கதவு இல்லாமல் இருந்தது. விற்ற அம்மா என் வற்புறுத்தலுக்காக ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து மேசையில் கொட்டினார். பித்தான்களுக்கு நடுவே பச்சைக் கதவு, கீலோடு, இரண்டு குட்டித் திருகாணியும் ஒரு நூலில் கோத்துக் கைப்பிடியில் கட்டியபடி கிடந்தது.